சித்திலெவ்வை நூலுக்குக் கை கொடுத்த எல்லோருக்கும்

அஸ்ஸலாமு அலைக்கும்.

அறிஞர் சித்திலெவ்வையின் வாழ்க்கையைப் பிள்ளைகள் வாசிக்கும் விதமாக 48 பக்கத்தில் எழுதி, போன வாரம் எங்கள் பாடசாலை நூலகத்தில் கையளித்தோம். அட்டையில் என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. அது மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி தரம் ஒன்பது மாணவிகளுக்கு. "டீச்சர், அவர் லோயரா, ஆலிமா, பேப்பர் நடத்தினவரா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். எல்லாமும்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பதில் எனக்கே போதவில்லை. 1838இல் கண்டியில் பிறந்து, வாப்பாவைப் போலவே புரொக்டர் என்ற வழக்கறிஞராகி, மாநகர சபையிலும் நீதிமன்ற ஆசனத்திலும் இருந்த ஒரு மனிதர், வசதியாக வாழ வழியிருந்தும் 1882இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி, பிள்ளைகளைப் படிக்கவையுங்கள் என்று ஏன் மன்றாடினார்? மிஷனரிப் பாடசாலைக்கு அனுப்பினால் மார்க்கம் போய்விடும் என்று பயந்த பெற்றோருக்கு, மார்க்கமும் ஆங்கிலமும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் என்று காட்டத்தான் அவர் அத்தனை பாடுபட்டார். இதைச் சரியாகச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

தன் வீட்டு அலுமாரியைத் திறந்துவிட்டு, "வேண்டியதை எடுங்கோ மகள்" என்ற ஓய்வுபெற்ற அதிபருக்கு நன்றி. பழைய ஈழத்து நூல்களை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றிவைத்திருக்கும் 'நூலகம்' தன்னார்வலர்களுக்கும் நன்றி. உங்களை நான் கண்டதில்லை. ஆனால் எத்தனையோ இரவுகள் உங்கள் உழைப்பை வாசித்தபடியே விடிந்தன.

அடுத்து, பக்கத்துத் தெரு உம்மும்மா. அந்தக் காலத்து அறபுத் தமிழ்க் கிதாபு ஒன்றை, அதாவது தமிழை அறபு எழுத்தில் எழுதிய புத்தகம் ஒன்றை, வாசிக்க முடியாமல் அவரிடம் கொண்டுபோனேன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஏட்டில் விரலை வைத்தார். விரல் வலமிருந்து இடமாக நகர, வாயிலிருந்து தமிழ் வந்துகொண்டே இருந்தது. "உம்மா படிச்சுத் தந்தது" என்றார். அந்த நேரம் எனக்கு முத்து நாச்சியாவின் ஞாபகம்தான் வந்தது. கண்டியில் பெண் பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தபோது சித்திலெவ்வைக்குத் துணையாக நின்று கற்பித்த அவருடைய சகோதரி. நான் பார்த்த புத்தகங்களில் அவரைப் பற்றி ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரிதான். அவருக்குத் தனிப் பக்கம் வேண்டும் என்று மாணவிகள் ஒற்றைக் காலில் நின்றார்கள். 31ஆம் பக்கம் அவருடையது. இந்த நூலில் எனக்கு மிகப் பிடித்த பக்கமும் அதுதான்.

அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தம்பிக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். 'முஸ்லிம் நேசன்' தொடங்கிய வருடம் 1982 என்று விழுந்திருந்தது. நான் மூன்று தடவை பார்த்தும் கண்ணில் படவில்லை. இரவு ஒன்பது மணிக்கு மிஷினை நிறுத்திவிட்டு, "டீச்சர், இது நூறு வருசம் கூடிப் போச்சே" என்று போன் எடுத்தார். சித்திலெவ்வை எழுதிய 'அசன்பே சரித்திரம்' நாவல் வெளிவந்த 1885, கொழும்பு மருதானையில் கொடையாளி வாப்பிச்சி மரைக்காரோடு சேர்ந்து ஸாஹிராக் கல்லூரிக்கு வித்திட்ட 1892, சித்திலெவ்வை மௌத்தான 1898, எல்லாவற்றையும் அன்றிரவே தொலைபேசியில் திரும்பச் சரிபார்த்தோம்.

நூலைக் கையளிக்கும் நிகழ்வுக்குத் தருவதாகச் சொன்ன மண்டபம் கடைசி நேரத்தில் கை நழுவிப் போனது. கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, வகுப்பறைத் தட்டியைக் கழற்றி இடம் செய்து தந்தவர்கள் காவலாளி நானாவும் அவருடைய மகன்மாரும்தான். கொட்டுகிற மழையில் புத்தகக் கட்டுகளுக்குப் பொலித்தீன் சுற்றி, ஓட்டோவில் ஏற்றிவந்த பக்கத்து வீட்டுச் சிங்கள அண்ணர் கூலி வாங்க மறுத்துவிட்டார். ஒரு கட்டுக்கூட நனையவில்லை.

எல்லோருக்கும் ஜஸாகல்லாஹு கைரன். யாரையாவது விட்டிருந்தால் மனம் கோணாதீர்கள், சொல்லுங்கள். அடுத்த பதிப்பில் உங்கள் எல்லோருடைய பெயரும் முதல் பக்கத்தில் இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். உங்கள் வாப்பாமாரின் பெட்டியில் 'முஸ்லிம் நேசன்' தாளோ, சித்திலெவ்வை நடத்திய 'ஞானதீபம்' இதழோ, அட்டை பிய்ந்த அறபுத் தமிழ்க் கிதாபோ கிடந்தால், வீசிவிட வேண்டாம். எனக்கு ஒரு சொல் சொல்லி அனுப்புங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.