அம்மா மறுபடியும் வண்டியில் பேசுகிறாள்

செம்பூர், மும்பை

அன்புள்ள சிவா,

பதில் தாமதம்தான். திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். இங்கே எல்லாரும் நலம். மதினிக்கு மூட்டுவலி குறைந்ததா? சின்னவனுக்குக் காலேஜ் கிடைத்ததில் அம்மாவுக்கு ஏக சந்தோஷம், அக்கம்பக்கமெல்லாம் சொல்லியாகிவிட்டது. பாண்டி இன்னும் அந்த ஸ்கூட்டரை விற்கவில்லையா?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை புனேயில் தங்கச்சி வீட்டுக்குப் போனோம். செம்பூரில் எங்கள் காரில் ஏறியதிலிருந்து அவள் வாசலில் இறங்கும் வரை அம்மா பேசிக்கொண்டே வந்தாள். போஸ்ட் ஆபீஸ் ஏணி, உங்கள் சித்தப்பாவின் கோழி, அரைப் பரீட்சைக்கு முந்தின நாள் நீ செய்த காரியம், ஒன்றையும் விடவில்லை. நடுவில் நான் கேள்வி கேட்டேன், அவள் பதில் சொன்னாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அம்மா பேசுவதில் என்ன செய்தி என்று நீ கேட்பாய். காதுக்கு மெஷின் வைத்ததிலிருந்து வண்டிக்குள் அவள் வாய் திறந்ததே இல்லை, சிவா. வீட்டில் நன்றாகப் பேசுவாள், போனில்கூடச் சமாளிப்பாள். வண்டி கிளம்பிக் கொஞ்சம் வேகம் எடுத்ததும் மெஷினைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டுவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வருவாள். அசதி என்று நாங்கள் நினைத்தோம். ஒருநாள் தங்கச்சி கேட்டபோதுதான் சொன்னாள்: "இதை மாட்டினா தலைக்குள்ள ரைஸ் மில் ஓடுதுடி."

மும்பை புனே எக்ஸ்பிரஸ்வேயை நீ பார்த்ததில்லை. சுமார் 94 கிலோமீட்டர், 2002-இல் முழுதாகத் திறந்தார்கள், அநேகமாக எல்லாமே கான்கிரீட். தார் ரோடு சத்தத்தைக் கொஞ்சமாவது உள்வாங்கும். கான்கிரீட் அப்படி இல்லை, வாங்கியதை அப்படியே திருப்பித் தரும். மழையில் வழுக்காமல் இருக்க மேல்பரப்பில் கோடு கோடாகக் கீறி வேறு வைத்திருப்பார்கள். அதன்மேல் டயர் ஓடும்போது ஒரு ஊளை கிளம்பும். 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டிச் சீராக ஓடும்போது பெரும்பாலான கார்களில் இன்ஜினைவிட டயர் சத்தம்தான் பெரியது. எங்கள் சின்ன வண்டியில் டிக்கிக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவே தடுப்பு என்று ஒரு மெல்லிய தட்டுதான். பின் சக்கரத்துச் சத்தம் முழுவதும் நேராக உள்ளே வரும்.

அம்மா அதைச் சொன்ன நாளிலிருந்து இந்தச் சத்தத்தைக் குறைப்பதே எனக்கு வேலை. வீட்டில் என்னைத் தனியாக விட்டுவிட்டார்கள்.

முதலில் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நேராகச் சத்தம் அடக்கும் ஷீட் ஒட்டப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறுகிறது. வண்டி வேகமாகப் போகும்போது நியூட்ரலில் போட்டு உருளவிட்டுக் கேட்டேன். சத்தம் குறையவில்லை, ஆகவே இன்ஜின் இல்லை. கதவு இடுக்குகளில் வெளியிலிருந்து பெயின்டர் டேப் ஒட்டி ஓட்டினேன். காற்றுச் சத்தம் கொஞ்சம் அடங்கியது, ஊளை அப்படியே இருந்தது. டிக்கியில் வீட்டிலிருந்த ரஜாய்ப் போர்வைகளையெல்லாம் பரப்பி ஓட்டினேன். அப்போது தெரிந்தது வித்தியாசம். அங்கேதான் வழி. இந்தச் சோதனைகளுக்கு ஒரு பைசா செலவில்லை.

அப்புறம் ஒரு முனகல் மட்டும் தனியாகக் கேட்டது. ஸ்டியரிங்கை லேசாக வலப்பக்கம் திருப்பினால் கூடும், இடப்பக்கம் திருப்பினால் குறையும். வலப்பக்கம் திரும்பும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்கள்மேல் சாயும் இல்லையா, அதனால் சக்கரத்தைச் சுழலவைக்கும் பேரிங்குகளில் இடப்பக்கத்தது என்று பிடித்துவிடலாம். மெக்கானிக் கழற்றிப் பார்த்தார், பின்னால் இடது பேரிங் போயிருந்தது. மாற்றியதும் முனகல் போயே போச்சு. பேரிங் போன வண்டிக்கு எவ்வளவு ஷீட் ஒட்டினாலும் என்ன பிரயோஜனம் சொல்?

அடுத்தது டயர். தரையைத் தொடும் பக்கத்தில் இருக்கும் ரப்பர் கட்டைகள்மேல் உள்ளங்கையை ஒரு பக்கமாகத் தடவினேன், வழுவழு. எதிர்ப் பக்கமாகத் தடவினேன், ரம்பம். சக்கர அலைன்மென்ட் கோணலாக இருந்து தேய்ந்த டயர் அப்படித்தான் இருக்கும், அப்படித் தேய்ந்துவிட்டால் அலைன்மென்ட்டைச் சரிசெய்த பிறகும் கத்திக்கொண்டேதான் இருக்கும். மாற்ற வேண்டிய காலமும் வந்திருந்தது, நான்கையும் மாற்றினேன். கட்டைகளின் அளவு எல்லாம் ஒரே மாதிரி இல்லாமல் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருப்பதாகப் பார்த்து வாங்கு. ஒரே அளவாக இருந்தால் எல்லாம் ஒரே சுருதியில் சேர்ந்து ஊளையிடும். ஐரோப்பாவில் டயருக்கு ஒட்டும் லேபிளில் டெசிபல் போட்டிருப்பார்கள், ஆனால் அது ரோட்டோரம் வைத்த மைக்கில் அளந்தது. உள்ளே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்கு அது ஜவாப் சொல்லாது. காற்று, கதவுத்தூண் ஸ்டிக்கரில் போட்டிருக்கும் அளவு மட்டும். மைலேஜுக்கு என்று கூடுதலாக அடிக்கிற பழக்கத்தை நீ விடவே மாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன்.

டயர் சத்தம் உள்ளே வர இரண்டு பாதை. சுருதியில் ஏறக்குறைய 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பது, சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் சஸ்பென்ஷன் வழியாகத் தகடுகளை அதிரவைத்து வருகிறது, அந்தக் கும்மென்ற சத்தம் அதுதான். அதற்கு மேலே இருப்பது காற்று வழியாக, இடுக்கிலும் கண்ணாடியிலும் தரையிலும் புகுந்து வருகிறது. ஒன்றுக்குக் கொடுக்கிற மருந்து மற்றதற்குச் சேராது. கடைக்காரர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அதிர்வுக்கு ப்யூட்டைல் ஷீட். ஒரு பக்கம் அலுமினியத் தாள், மறுபக்கம் பிசினாக ப்யூட்டைல் ரப்பர். தவில் தோலில் உள்ளங்கையை வைத்தால் நாதம் அடங்குகிற மாதிரி, தகடு அதிர்வதை இழுத்துப் பிடித்துச் சூடாக மாற்றிவிடுகிறது. இதற்குத் தகட்டை முழுதாக மூட வேண்டிய அவசியமே இல்லை. நடுவில் கால்வாசியிலிருந்து பாதி வரை ஒட்டினால் பலனில் பெரும்பகுதி வந்துவிடும். நான் முதலில் விசாரித்த கடையில் ஒரு அங்குலம் விடாமல் ஒட்டினால்தான் ஆகும் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். ஷீட் கணக்கில் காசு வாங்குகிறவர்கள் வேறென்ன சொல்வார்கள்! 2 மில்லிமீட்டர் ஷீட் சதுர மீட்டருக்கு மூன்று கிலோவுக்கு மேல் எடை. வண்டி முழுக்க மூடினால் ஒரு ஆளை எப்போதும் ஏற்றிக்கொண்டு அலைகிற மாதிரிதான். எனக்கு வந்த கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். மலிவு என்று தார் ஷீட்டையும் காட்டினார்கள். நம் வெயிலில் அது இளகி நாறும். உன் ஊர் வெயிலுக்குக் கேட்கவே வேண்டாம்.

காற்று வழி வருவதைத் தடுக்கக் கனம் வேண்டும், இடைவெளி இல்லாமலும் வேண்டும். கனமேற்றிய வினைல் விரிப்பு இருக்கிறது, சதுர மீட்டருக்கு ஐந்து கிலோ வரும். அதன் கீழே மூடிய நுரை ஃபோம், அதாவது குமிழிகள் ஒவ்வொன்றும் தனியாக மூடியிருக்கும் ஃபோம், போட்டுத் தகட்டைத் தொடாமல் மிதக்கவிட வேண்டும். ஃபோம் மட்டும் ஒட்டிவிட்டு சவுண்ட் ப்ரூஃப் என்பவர்களை நம்பாதே, மூடிய நுரை ஃபோம் சத்தத்தைக் குடிக்காது. இன்னொன்று எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு: சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும், அதன் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு ஓட்டை இருந்தால் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. அதனால்தான் கதவு பீடிங், அந்த ஓரத்து ரப்பர் பட்டை, நைந்திருந்தால் மற்றதெல்லாம் வீண். ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார், சுலபமாக வந்தால் பீடிங் போய்விட்டது என்று அர்த்தம். எங்கள் வண்டியில் பின்கதவு இரண்டும் டிக்கியும் அப்படித்தான் இருந்தன. ஷீட்டுக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான் பீடிங்குக்கு ஆனது, காதில் உடனே தெரிந்தது அதுதான்.

கடைசியில் வேறொரு சின்னக் கடையில், நானும் பக்கத்தில் நின்றுகொண்டே, செய்யவைத்தோம். பின் சக்கர மேடு, ஸ்டெப்னி குழி, தரை, இவை முதலில். கதவு அதற்கப்புறம். கதவில் ஒட்டினால் மூடும்போது திம்மென்று கேட்கும், ஸ்பீக்கர் நன்றாகப் பாடும், எல்லாரும் அதில் மயங்கிவிடுகிறார்கள். டயர் சத்தத்துக்குக் கதவால் ஆவது கொஞ்சம்தான்.

கதவைத் தொட்டால் கீழே இருக்கிற தண்ணீர் வடியும் ஓட்டைகளை மட்டும் அடைத்துவிடக் கூடாது. மும்பை மழையில் கதவுக்குள் தண்ணீர் இறங்கியே தீரும், அது வெளியே போகாவிட்டால் துருதான். உள்ளே ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் எடுத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். தூண்களுக்குள்ளும் கூரை ஓரத்திலும் கர்ட்டன் ஏர்பேக் இருக்கும் வண்டியாக இருந்தால் அங்கே பஞ்சு, ஃபோம் எதையும் திணிக்கவே கூடாது. சீட்டைக் கழற்றுவதற்கு முன் பேட்டரி ஒயரை எடுத்துவிடச் சொல், சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் இணைப்பு ஏர்பேக்குடையது. தண்ணீர் குடிக்கிற சணல் பஞ்சைத் தரையில் போட்டால் ஒரே மழைக்காலத்தில் வண்டி பூஞ்சை வாடை அடிக்கும். இதையெல்லாம் கடைப் பையன்கள் அவசரத்தில் கவனிக்க மாட்டார்கள். நீ நின்று பார்க்க வேண்டும்.

வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே இடத்தில், ஒரே 80 கிலோமீட்டர் வேகத்தில், ஒரே போனை வைத்து அளந்தேன். போன் காட்டுகிற எண்ணை அப்படியே நம்ப முடியாது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பலாம். எல்லாம் சேர்த்து 4 டெசிபல் குறைந்திருந்தது. மச்சானிடம் சொன்னேன், இவ்வளவு செலவுக்கு நாலே நாலா என்றார். சத்தம் பாதியாகிவிட்டது போல நமக்குக் கேட்க 10 டெசிபலாவது குறைய வேண்டும் என்பது உண்மைதான். அவர் காதுக்கு இது சின்ன வித்தியாசம்.

அம்மா காதுக்கு அப்படி இல்லை, சிவா. அதைத்தான் நான் உனக்குப் புரியவைக்க நினைக்கிறேன். நம் பேச்சில் உயிரெழுத்துகள் பலமானவை, தாழ்ந்த சுருதியில் இருப்பவை. க, ச, ப மாதிரி எழுத்துகள் மெலிந்தவை, உயரத்தில் இருப்பவை. வயதானால் முதலில் போவது அந்த உயரம்தான். பால் என்றால் கால் என்று கேட்கும். அதோடு தாழ்ந்த சுருதி இரைச்சலுக்கு ஒரு குணம் உண்டு, அது தனக்கு மேலே இருக்கும் சுருதிகளையும் மூடிவிடும். கார் இரைச்சல் முக்கால்வாசி தாழ்ந்த சுருதிதான். மெஷினோ பேச்சையும் இரைச்சலையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. சில மெஷின்கள் எதிரே இருப்பவரின் குரலைத் தனியாகப் பிடிக்கும், ஆனால் காரில் யார் எதிரே இருக்கிறார்கள்? அம்மா ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், நான் பக்கத்தில், தங்கச்சி பின்னால். பேச்சு இரைச்சலைவிட எவ்வளவு தூக்கலாக இருக்கிறது என்பதில்தான் புரிவதும் புரியாததும் இருக்கிறது, அந்த எல்லையில் இரண்டு மூன்று டெசிபல் மாறினாலே பாதி புரிந்த வாக்கியம் அநேகமாக முழுதும் புரிந்துவிடும். மச்சானுக்கு நாலு டெசிபல். அம்மாவுக்கு அது எங்கள் குரல்.

போன தடவை நீ எழுதியிருந்தாயே, உங்கப்பா திருச்செந்தூருக்குக்கூடக் காரில் வர மாட்டேன் என்கிறார், ஏறினாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வருகிறார், ஏதோ கோபம் என்று. கோபமாக இருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்கவில்லை என்று சொல்வதைவிடச் சும்மா இருந்துவிடுவார்கள். திரும்பத் திரும்ப "என்ன?" என்று கேட்க அவர்களுக்கு வெட்கம். பந்தியில் நாலு பேர் பேசும்போது அவர் வெறுமனே சிரித்துத் தலையாட்டுகிறாரா என்று கவனி. அப்படி இருந்தால் தாமதிக்காமல் காது டாக்டரிடம் கூட்டிப்போ. வண்டியை அப்புறம் பார்க்கலாம், இதை முதலில் செய்.

புது வண்டி எலெக்ட்ரிக்காக வாங்கினால் சத்தமே இருக்காது என்று உன் மூத்தவன் சொல்கிறானாம். இன்ஜின் சத்தம் இருக்காது, சரி. அது மூடி வைத்திருந்த டயர் சத்தம் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு முடிவு செய்யாதே. நாலுவழிச் சாலைக்கு எடுத்துப் போய் 80-இல் ஓட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்து, உங்கப்பாவைப் பின்சீட்டில் உட்காரவைத்துச் சாதாரணக் குரலில் ஏதாவது கேள். அவர் பதில் சொல்கிற வண்டியை வாங்கு.

வாங்குவதற்குள் பழைய வண்டியை அப்படியே விட்டுவிடாதே. டயரின் பக்கவாட்டில் இருக்கும் எண்ணையும் வாங்கிய வருஷத்தையும், உள்விளிம்பு தேய்மானம் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவையும் அனுப்பு. பீடிங்கில் காகிதம் வைத்துப் பார்த்துச் சொல். அம்மா உன்னிடம் நேரில் பேச வேண்டுமாம், கோழி விஷயத்தில் உங்கள் சித்தப்பா சொன்ன கணக்கு தப்பு என்கிறாள். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறோம், காரில்தான்.

அன்புடன்,
கண்ணன்