சம்பளச் சீட்டில் தெரியாத காப்பீடு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

கடலூர் சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளி பணிக்காலத்தில் இறந்துவிட்டால், பி.எஃப். கணக்கில் சேர்ந்த பணத்தை வாங்கியதோடு குடும்பம் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகிறது. ஆனால் வர வேண்டியவை மூன்று: பி.எஃப். தொகை, மனைவிக்கும் 25 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்கும் மாத ஓய்வூதியம், பி.எஃப். உறுப்பினர்களுக்கான இ.டி.எல்.ஐ. என்ற ஆயுள் காப்பீடு. இந்தக் காப்பீட்டுக்கான 0.5 சதவீதத்தை முதலாளியே கட்டுகிறார். தொழிலாளியிடம் பிடித்தம் இல்லாததால் சம்பளச் சீட்டிலும் வராது. பிறகு யாருக்குத் தெரியும்? ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவர் என்றால் குறைந்தது இரண்டரை லட்சம், அதிகபட்சம் 7 லட்சம். மரணம் விபத்தா, மாரடைப்பா, வேலையிடத்திலா, வீட்டிலா என்ற கேள்வியே இல்லை. ஓய்வூதியத்துக்கோ ஒரு மாதச் சந்தா போதும்.

மூன்றுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம்தான். சிக்கல் ஆவணத்தில் வரும். ஒப்பந்ததாரர் இணையத்தில் வேலை முடிந்த காரணத்தை 'பணியில் மரணம்' என்று குறிக்க வேண்டும். வெறுமனே 'விலகல்' என்று போட்டுவிட்டால் மனு திரும்பி வரும். அடுத்தது நம் ஊர் இனிஷியல். ஆதாரில் பெயருக்குப் பின்னால், பி.எஃப். பதிவில் முன்னால் என்று இருந்தால், திருத்துவதற்குப் பல நேரங்களில் ஒப்பந்ததாரர் கையெழுத்து தேவைப்படும். ஆள் உயிரோடு இருக்கும்போது இதைச் சரிசெய்வது சுலபம். இறந்தபின் விதவைதான் அலைய வேண்டும். நிறுவனமே மூடிக்கிடந்தால் வங்கி மேலாளரோ அரசிதழ் பதிவு பெற்ற அலுவலரோ விண்ணப்பத்தில் சான்றளிக்கலாம் என்பதும் பலருக்குத் தெரியாது.

வாரிசு நியமனத்தை ஆதார் ஓ.டி.பி. மூலம் செல்போனிலேயே முடித்துவிடலாம், செலவில்லை. கல்யாணம் ஆனதும் அதைப் புதிதாகச் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் தாசில்தாரிடம் வாரிசுச் சான்றிதழுக்கு நிற்க நேரும். மாமியார், மருமகள் தகராறும் அங்கேதான் தொடங்குகிறது.

பி.எஃப். இல்லாத மீனவருக்கும் முந்திரித் தோப்புக் கூலியாளுக்கும் வங்கிக் காப்பீடு இருக்கிறது. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம் தரும் திட்டத்துக்கு ஆண்டுக்கு 436 ரூபாய், 50 வயதுக்குள் சேர வேண்டும். விபத்துக்கு மட்டுமானது 20 ரூபாய், 70 வயது வரை. மே கடைசியில் கணக்கில் இரண்டுக்கும் சேர்த்து 456 ரூபாய் இல்லையென்றால் ஜூன் 1 முதல் காப்பீடு கிடையாது.

இப்படிக்கு,
வாசகர், கடலூர் முதுநகர்