அந்தக் கடிதத்தை அனுப்பாதே

அன்புள்ள கணேசா,

ஆறு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. திட்டிக்கொண்டிருப்பாய், திட்டு. பேத்தி பிறந்த சேதி லட்சுமி அக்கா சொல்லியிருப்பாள். தாயும் பிள்ளையும் நலம். நான் இன்னும் கார்டிஃபில்தான்.

நேற்று அக்கா போனில் சொன்னதைக் கேட்டதும் தூக்கம் போய்விட்டது. உங்கள் சங்கத்தின் விசாரணைக் கமிட்டிக்கு மன்னிப்புக் கடிதம் எழுதி வைத்திருக்கிறாயாமே? பதவிக்காலம் முடிந்த நிர்வாகக் குழு போட்ட கமிட்டிதானே அது? நீ பார்க்காத பைலாவா?

கேள். போன வாரம் மாப்பிள்ளை என்னை கவ்பிரிட்ஜ் என்ற சின்ன ஊருக்குக் கூட்டிப்போனார். டேவிட் ஜென்கின்ஸ் என்ற நீதிபதி 1663-ல் இறந்தது அங்கேதான். அன்றிலிருந்து அவரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். இங்கிலாந்தில் மன்னர் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் நடந்த உள்நாட்டுப் போரில் மன்னர் பக்கம் நின்றவர். 1645 டிசம்பரில் ஹெர்ஃபோர்டு நகரம் விழுந்தபோது பிடிபட்டார். 1647 ஏப்ரலில் நாடாளுமன்றக் கமிட்டி ஒன்று கேள்வி கேட்டது. என்ன செய்தார் தெரியுமா? மன்னர் இல்லாமல் என்னை விசாரிக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை என்று எழுதியே கொடுத்துவிட்டார். குற்றத்துக்குப் பதிலே சொல்லவில்லை. கேட்க நீ யார் என்பதுதான் முதல் கேள்வி, கணேசா!

அப்புறம் அவரைச் சான்சரி நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அரச முத்திரையின் பேரில் நடக்கும் கோர்ட் அது. 1642-ல் அரச முத்திரை மன்னரிடம் போய்விட, மறு வருஷம் நாடாளுமன்றம் தனக்கென்று ஒன்று செய்துகொண்டது. முத்திரையே போலி, அதை வைத்து நடப்பது கோர்ட்டே இல்லை என்றார் மனிதர். 1648 பிப்ரவரியில் மக்களவை முன் நிறுத்தி மண்டியிடச் சொன்னார்கள். வயது 65 ஆகியிருந்தது. முட்டியை மடக்க மாட்டேன் என்று நின்றுவிட்டார். ஆயிரம் பவுண்டு அபராதம். தூக்கில் போட்டால் ஒரு கக்கத்தில் பைபிளும் மறு கக்கத்தில் மாக்னா கார்ட்டா என்ற பழைய உரிமைச் சாசனமுமாகத் தொங்குவேன் என்று சொன்னதாகக் கதை உண்டு.

ராஜ விசுவாசி, அவனுக்கு என்ன என்பாய். அதே மன்னர் நாடாளுமன்றத்தைக் கேட்காமல் போட்ட கப்பல் வரியையும் எதிர்த்ததாக அவரே எழுதியிருக்கிறார். மன்னரை நாடாளுமன்றம் எதிர்த்ததில் எனக்கு அனுதாபம் உண்டு. மன்னர் இல்லாமல் நாடாளுமன்றமே இல்லை என்ற அவர் வாதத்தை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. ஆனால் அந்த முட்டி மடங்காததை நினைத்தால் கண் கலங்குகிறது.

அவர் பத்து வருஷத்துக்கு மேல் சிறையில் கிடந்தார். உனக்கு அப்படி எதுவும் வராது. போனால் ஒரு பதவி போகும். மெஸ் சாம்பார் வழக்கில் முதலில் எழுந்து நின்றவன் நீதானே?

23-ம் தேதி வந்துவிடுவேன். பைலாவை எடுத்து வை, உட்கார்ந்து பதில் எழுதுவோம். அதுவரை அந்தக் கடிதம் மேஜை டிராயரிலேயே இருக்கட்டும்.

உன்,
ராமு