காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். காலாண்டுத் தேர்வு இந்த வாரம் முடிகிறது. மதிப்பெண் பற்றித் தனியே பேசிக்கொள்வோம். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கிற அன்று ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் ஒரு இடம்கூடக் காலியாக இருக்கக் கூடாது என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். ஒவ்வொரு வருஷமும் இந்த விடுமுறையில்தான் நம் பிள்ளைகள் நழுவிப் போகிறார்கள். தீபாவளி நெருங்கும், பட்டாசு வேலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் ஆள் தேடுவார்கள். "லீவுதானே டீச்சர், பத்து நாள் போயிட்டு வரட்டும்" என்கிறீர்கள். காசு பார்த்த கைக்குப் பதினோராம் நாள் புத்தகப் பையைத் தூக்க மனசு வருவதில்லை.

போன மாதம் நம் ஊர்ப் பாட்டி ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். முதியோர் உதவித்தொகைக்கு வயதுச் சான்று வேண்டும், படித்தது இந்தப் பள்ளியில்தான், வாங்கிய டி.சி.யை எப்போதோ கரையான் அரித்துவிட்டது என்றார். பீரோவின் அடித்தட்டில் இருந்து பழைய சேர்க்கைப் பதிவேட்டை எடுத்தோம். ஓரம் எல்லாம் பொடிந்து, தாள் பழுப்பேறிப் போயிருந்தது. அவர் பெயர் கிடைத்தது. 1977ல் எட்டாம் வகுப்பு முடித்திருக்கிறார். பள்ளியை விட்டு நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் 'மேல் வகுப்பு இல்லை' என்று எழுதியிருந்தது. அந்த வருஷத்து டி.சி. புத்தகத்தையும் தேடி எடுத்தேன். அடிக்கட்டையில், பெற்றோர் ஒப்பம் என்ற இடத்தில் ஊதா மையில் ஒரு பெருவிரல் ரேகை.

"எங்கய்யா கைநாட்டா டீச்சர் இது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலை அதன் மேல் வைத்து வைத்து எடுத்தார். பிறகு நகல் பெற்றுக்கொண்டதற்கு நான் நீட்டிய தாளில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாகத் தெரியும்படி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். கைநாட்டு வைத்த மனிதர் மகளை எட்டு வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார். அதற்கு மேல் அனுப்ப ஊரில் பள்ளிக்கூடம் இல்லை. கிளம்பும்போது, "ஒன்பதாப்பு எங்க டீச்சர் நடக்குது?" என்று விசாரித்துப் போய், வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்தக் கட்டத்தில் இருந்த மூன்று சொற்கள் எனக்கு இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கின்றன. நம் கரிசல் காட்டுக்குப் பள்ளிக்கூடம் சும்மா வந்துவிடவில்லை. விருதுநகரில் 1880களில் தொடங்கிய சத்திரிய வித்யாசாலா பள்ளியை வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடி அரிசியில் நடத்தினார்கள். சோறு வடிக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பது அந்த ஊர்ப் பெண்களின் வழக்கமாக இருந்தது. காமராஜர் அந்தப் பள்ளியில் படித்தவர். அப்பாவை இழந்து, உயர்நிலைப் பள்ளிப் படிப்பை முடிக்காமலே கடையில் நிற்க வேண்டி வந்தது அவருக்கு. 1954ல் முதலமைச்சரானதும் மூன்று மைலுக்குள் ஒரு நடுநிலைப் பள்ளி, ஐந்து மைலுக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி என்று கணக்குப் போட்டுத் திறந்தவரும் அவர்தான். பசித்த பிள்ளை எப்படிப் படிக்கும் என்று 1956ல் பக்கத்து எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். 1958ல் கடம்பத்தூரில் ஆரம்பித்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்களே பெஞ்சும் கடிகாரமும் வரைபடமும் வாங்கித் தந்தார்கள்.

ஐந்து மைல் என்பது காகிதத்தில் சின்னக் கணக்கு. பதினான்கு வயதுப் பெண்ணுக்கு அது போக எட்டு கிலோமீட்டர், வர எட்டு கிலோமீட்டர். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பை விடாது, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் நடக்க வேண்டும். பையன்களில் சிலர் நடந்தார்கள். பெண் பிள்ளைகள் பெரிய மனுஷி ஆனதோடு நின்றார்கள். அன்றைக்குப் பதினோராம் வகுப்பில்தான் எஸ்.எஸ்.எல்.சி. (இன்றைய மேல்நிலை வகுப்புகள் 1978ல்தான் வந்தன.) மூன்று வருஷம் அப்படி நடக்கத் தெம்பும் துணையும் யாருக்கு இருந்தது? அப்புறம் விடியும் முன்னே தீப்பெட்டி ஆபீஸ் வண்டி வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தது. பள்ளிக்கூடத்துக்கு வராத வண்டி வேலைக்கு மட்டும் வாசல் வரைக்கும் வந்தது. உங்களில் சிலர் தூக்கக் கலக்கத்தோடு அந்த வண்டியில் ஏறியவர்கள்தான்.

நம் பள்ளி உயர்நிலைப் பள்ளியான கதை உங்களுக்குத் தெரிந்ததே. நடுநிலைப் பள்ளியைத் தரம் உயர்த்த ஊர் சார்பில் இடம் காட்ட வேண்டும், பொதுமக்கள் பங்குத்தொகையாக ஒரு லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்றார்கள். அந்த வருஷம் பங்குனிப் பொங்கலுக்குக் கரகாட்டம் வைக்காமல் வரிப்பணத்தை எடுத்து வைத்தீர்கள். ஆடு விற்றுக் கொடுத்தவர்கள் உண்டு. தீப்பெட்டி ஒட்டிய கூலியைச் சுருக்குப் பையில் இருந்து எண்ணித் தந்த அம்மாக்களும் உண்டு. பிடி அரிசிக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. மேல் வகுப்பு இல்லை என்று எழுத இனிமேல் எந்தத் தலைமையாசிரியருக்கும் வழி இல்லாமல் செய்துவிட்டீர்கள்.

அப்படிக் கொண்டுவந்த வகுப்பில் பிள்ளை இல்லை என்றால் எனக்குத் தாங்கவில்லை. ஒன்று சொல்ல வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரைக்கும்தான். எட்டாம் வகுப்போடு சட்டம் கையை எடுத்துக்கொள்கிறது. ஒன்பதிலும் பத்திலும் பிள்ளையைப் பிடித்து நிறுத்த நீங்களும் நாங்களும்தான் இருக்கிறோம். பட்டாசு மாதிரி ஆபத்தான தொழிலில் பதினெட்டு வயது நிறையாதவர்களை வைக்கவே கூடாது என்று 2016ல் சட்டம் திருத்தப்பட்டிருக்கிறது. வேலைக்குக் கூப்பிட வருகிறவர்களிடம் அதைத் தைரியமாகச் சொல்லுங்கள்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால் குரூப் 4 தேர்வு எழுதலாம், காவலர் தேர்வு எழுதலாம், ஐ.டி.ஐ.யிலோ பாலிடெக்னிக்கிலோ சேரலாம். பிளஸ் ஒன்னில் சேர்ந்தால் சைக்கிள் தருகிறார்கள். இதைவிட முக்கியமானது, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும் என்ற கணக்கு. மருத்துவப் படிப்பில் 2020ல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கு அது வேண்டும். கல்லூரி போகும் பெண்ணுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் அதைப் பார்க்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு என்.எம்.எம்.எஸ். என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாய் கிடைக்கும். நான்கு வருஷத்துக்கு எவ்வளவு என்று வீட்டில் பிள்ளையையே கணக்குப் போட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.

கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. மழை பொய்த்துப் பருத்தி கைவிட்ட வருஷத்தில் ஒரு கூலி குறைவது சின்ன விஷயம் அல்ல. அதனால்தான் கேட்கிறேன், பிள்ளையை நிறுத்துவது என்று முடிவு எடுப்பதற்கு முன்னால் என்னிடம் வாருங்கள். கடன், கல்யாணப் பேச்சு, உடம்புக்கு முடியாத தாத்தாவைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது, எதுவானாலும் சரி. சொல்லத் தயக்கமாக இருந்தால் வகுப்பு ஆசிரியரிடமோ பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் அம்மாக்களிடமோ சொல்லுங்கள். பதினெட்டுக்கு முன் கல்யாணம் என்றால் மட்டும் நான் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியாது, குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லியே ஆக வேண்டும். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விடுமுறையிலும் திங்கள் முதல் வெள்ளி வரை காலை பத்து மணிக்குப் பத்தாம் வகுப்புக் கணக்கு டீச்சரும் நானும் பள்ளியில் இருப்போம். கணக்கில் பின்தங்கிய பிள்ளைகளை அனுப்பிவையுங்கள், ஒன்பதாம் வகுப்பில் இருந்தும் வரலாம். பள்ளி திறக்கிற அன்று முதல் மணி அடித்ததும் நானே வருகைப் பதிவேட்டோடு இரண்டு வகுப்புக்கும் போவேன். வராத பிள்ளை வீட்டுக்கு அன்று சாயங்காலமே வருவேன். வாசலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து உட்கார வையுங்கள், பேசுவோம்.

அன்புடன்,
தலைமையாசிரியை,
அரசு உயர்நிலைப் பள்ளி