கதை முடிய வேண்டும்: இளங்கோவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள இளங்கோ,

உன் கடிதம் கிடைத்தது. நீ நலமாக இருப்பதையும், பல ஆண்டுகளாகத் தள்ளிப்போட்டு வந்த படக்கதையை ஒருவழியாக வரையத் தொடங்கிவிட்டதையும் அறிந்து மிகவும் மகிழ்ந்தேன். இங்கே அனைவரும் நலம். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள். ஆனாலும் விடுமுறையில் வரும்போதெல்லாம் நாங்கள் இருவரும் சேர்ந்து படம் பார்க்கும் வழக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அவளோடு பேசியவையும் இந்தக் கடிதத்தில் ஆங்காங்கே கலந்திருக்கும்.

சூப்பர் ஹீரோ படங்களின் காலம் முடிந்துவிட்டதா, இந்த நேரத்தில் போய் அப்படியொரு கதையை வரைவது வீண் வேலையா என்று கேட்டிருந்தாய். முடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. அந்தப் படங்களைத் தளர வைத்திருப்பது, எந்தக் கதையையும் முடிக்க மனம் வராத ஒரு தொழில்முறை. அது மாறினால் இந்த வகைக்கு நீண்ட ஆயுள் இருக்கிறது. ஏன் இப்படி நினைக்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வசூலைப் பார்த்தால் நீ கவலைப்படுவதில் நியாயம் இருக்கிறது. 2019-இல் வெளியான 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' உலகெங்கும் ஏறத்தாழ 280 கோடி டாலர் வசூலித்தது. நான்கே ஆண்டுகளில் அதைத் தயாரித்த மார்வெல் நிறுவனத்தின் 'தி மார்வெல்ஸ்' சுமார் 20 கோடி டாலரோடு நின்றுவிட்டது. 2025-இல் 'தண்டர்போல்ட்ஸ்' நல்ல விமர்சனங்களைப் பெற்றும் 40 கோடியைத் தொடவில்லை. ஜேம்ஸ் கன் இயக்கிய 'சூப்பர்மேன்' 60 கோடியையும், புதிய 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 50 கோடியையும் தாண்டின. இவை சிறிய தொகைகள் அல்ல. ஆனால் இப்படிப்பட்ட படம் ஒன்றைத் தயாரிக்கவே சுமார் 20 கோடி டாலர் ஆகிறது. விளம்பரச் செலவு தனி. டிக்கெட் பணத்தில் ஏறத்தாழ பாதி திரையரங்குகளுக்குப் போய்விடுகிறது. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது, ஆண்டுக்கு மூன்று நான்கு படங்கள் என்று திட்டமிட்ட நிறுவனங்கள் எதிர்பார்த்த தொகைக்கு எட்டாத தொலைவில் இருக்கிறது.

இந்தச் சரிவு எங்கே தொடங்கியது என்று தேடினால் நான் 2021-ஐத்தான் சுட்டுவேன். 2008-இன் 'அயர்ன் மேன்' முதல் 2012-இன் 'தி அவெஞ்சர்ஸ்' வரை மார்வெல் ஸ்டுடியோஸ் வெளியிட்டவை மொத்தம் ஆறு படங்கள். ஒவ்வொரு படத்தின் இறுதியிலும் வந்த சிறு காட்சி, அடுத்ததைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஓர் அழைப்பாக இருந்தது. வராதவர்களுக்கு எந்த இழப்பும் இல்லை. 2021 என்ற ஒரே ஆண்டிலோ நான்கு படங்களும் ஐந்து ஓடிடி தொடர்களும் வந்தன. 2022-இல் வந்த டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படத்தில் வாண்டா என்ற பாத்திரத்தின் துயரம் ஏன் அவ்வளவு கொடூரமாக மாறுகிறது என்பதை விளங்கிக்கொள்ள, அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'வாண்டாவிஷன்' தொடரைப் பார்த்திருக்க வேண்டும். மகள் ஒருமுறை சொன்னாள்: "அப்பா, படத்துக்குப் போவது தேர்வுக்குப் போவது போல ஆகிவிட்டது, முந்தைய பாடத்தைப் படிக்காமல் போனால் எதுவும் எழுத முடியாது." அழைப்பாக இருந்தது கடமையாக மாறியது அப்போதுதான். மார்வெலின் தாய் நிறுவனமான டிஸ்னியின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி பாப் ஐகரே 2024-இல், இனி ஆண்டுக்கு இரண்டு அல்லது அதிகபட்சம் மூன்று படங்களும் இரண்டு தொடர்களும் போதும் என்று அறிவிக்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கையைக் குறைப்பது நல்ல தொடக்கம்தான். ஆனால் நோய் எண்ணிக்கையில் மட்டும் இல்லை.

நீயும் நானும் காமிக்ஸ் பித்துப் பிடித்துத் திரிந்தவர்கள் என்பதால் உனக்கு இதைச் சொன்னால் உடனே புரியும்: இன்றைய திரையில் நடப்பது 1990களில் அச்சில் நடந்து முடிந்த கதை. 1991-இல் வந்த 'எக்ஸ்-மென்' புதிய வரிசையின் முதல் இதழ், வெவ்வேறு அட்டைகளோடு எண்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. படிப்பதற்காக வாங்கியவர்களைவிட, பின்னாளில் நல்ல விலை போகும் என்று நம்பிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்காக வாங்கியவர்கள் அந்தக் காலத்தில் பெருகிப்போயிருந்தார்கள். 1992-இன் இறுதியில் சூப்பர்மேன் இறந்தார். கறுப்புப் பட்டையோடு வந்த அந்த இதழுக்காகக் கடைகளில் கூட்டம் அலைமோதியது. அடுத்த ஆண்டே அவர் உயிரோடு திரும்பிவிட்டார். ஒரு கதையின் முடிவை அறிய ஐந்தாறு வெவ்வேறு வரிசைகளை வாங்க வேண்டிய கிராஸ்ஓவர்கள் குவிந்தன. மரணத்துக்கும் மதிப்பில்லை, முடிவுக்கும் மதிப்பில்லை என்றான பிறகு வாசகர்கள் மெல்ல விலகினார்கள். கடைகள் வரிசையாக மூடப்பட்டன. கடன் சுமையும் சேர்ந்துகொள்ள, 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு தாக்கல் செய்தது.

அந்த வீழ்ச்சியின் தொடர்ச்சியாகத்தான் இன்றைய படங்கள் பிறந்தன என்பதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நெருக்கடியில் இருந்த மார்வெல், தன்னிடம் இருந்த நாயகர்களில் மிகவும் புகழ்பெற்றவர்களின் பட உரிமைகளை வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்துவிட்டது. ஸ்பைடர்மேன் சோனியிடமும் எக்ஸ்-மென் ஃபாக்ஸிடமும் போய்ச் சேர்ந்தனர். கையில் எஞ்சியிருந்த, பொதுமக்கள் அதிகம் அறியாத பாத்திரங்களின் பட உரிமைகளை அடமானம் வைத்து 2005-இல் 52.5 கோடி டாலர் வரை கடன் வசதி பெற்றுத்தான் சொந்தமாகப் படமெடுக்கத் துணிந்தார்கள். 'அயர்ன் மேன்' படத்தில் இருந்த துடிப்புக்கு அந்த ஆபத்தும் ஒரு காரணம் என்பது என் நம்பிக்கை. அந்தப் படம் தோற்றிருந்தால் அடுத்து வந்தவற்றில் பல வந்தே இருக்காது. இன்றைய படங்களில் எனக்குக் கிடைக்காதது அந்த உணர்வுதான்: இதில் எல்லாவற்றையும் பணயம் வைத்திருக்கிறார்கள் என்ற உணர்வு.

இனி, எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். காமிக்ஸில் நாயகனுக்கு வயதாவதில்லை. 1962-இல் பள்ளி மாணவனாக அறிமுகமான ஸ்பைடர்மேன் பீட்டர் பார்க்கர் அறுபது ஆண்டுகள் கழித்தும் இளைஞன்தான். காகிதம் அதைத் தாங்கும். திரைப்படம் தாங்காது, ஏனென்றால் அங்கே முகமூடிக்குள் இருப்பது ஒரு மனித முகம். அது நம் கண் முன்னாலேயே முதிர்கிறது. இதை நான் ஒரு குறையாகப் பார்க்கவில்லை. காமிக்ஸிடம் இல்லாத, சினிமாவுக்கு மட்டுமே வாய்த்த பெரிய வலிமையாகப் பார்க்கிறேன். ஹியூ ஜாக்மன் 2000-இல் வோல்வரினாக வந்தபோது அவர் முகம் எப்படி இருந்தது என்பதும், 2017-இன் 'லோகன்' படத்தில் அதே முகத்தில் எத்தனை சோர்வு படிந்திருந்தது என்பதும் உனக்கு நினைவிருக்கும். அந்த இடைப்பட்ட பதினேழு ஆண்டுகள்தான் அந்தப் படத்தின் உண்மையான சிறப்புக் காட்சி; எந்த கிராஃபிக்ஸ் கலைஞராலும் அதை உருவாக்கியிருக்க முடியாது. அதில் வோல்வரின் இறந்தபோது ஒரு காலமே முடிந்ததாக உணர்ந்தோம். திரைக்கதைக்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்ற சூப்பர் ஹீரோ படம் அது என்பதில் எனக்கு வியப்பே இல்லை.

பிறகு 2024-இல் 'டெட்பூல் & வோல்வரின்' படத்தில் ஜாக்மனை மீண்டும் வோல்வரினாக அழைத்து வந்தார்கள். அந்தப் படம் 130 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது என்று நீ உடனே எதிர்வாதம் வைப்பாய். உண்மைதான், நானும் மகளும் அதை ரசித்தே பார்த்தோம். ஆனால் அது செலவழித்தது அதற்கு முந்தைய இருபத்து நான்கு ஆண்டுகளின் சேமிப்பை. 2021-இன் 'நோ வே ஹோம்' மூன்று ஸ்பைடர்மேன்களை ஒன்றாக நிறுத்தியபோது எழுந்த ஆரவாரமும் அப்படிப்பட்டதே. பழைய முகங்களை மீட்டுக் காட்டுவதில் கிடைக்கும் கைதட்டல் மெய்யானது, ஆனால் அதே முகத்துக்கு அதே அளவில் மறுபடியும் கிடைக்காதது. மல்டிவர்ஸ் என்ற ஏற்பாடு வந்த பிறகு இறந்தவர் எவரும் இறந்தவராக இருக்க வேண்டியதில்லை; வேறொரு உலகத்திலிருந்து இன்னொருவர் வந்துவிடுவார். 'எண்ட்கேம்' படத்தில் அயர்ன் மேன் டோனி ஸ்டார்க்காக விடைபெற்ற ராபர்ட் டவுனி ஜூனியர், 'அவெஞ்சர்ஸ்: டூம்ஸ்டே' படத்தில் வில்லன் டாக்டர் டூமாக வரவிருப்பதாக 2024 ஜூலையில் அறிவித்தபோது அரங்கம் அதிர்ந்தது. நடிகராக அவர்மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்தப் படம் பெரும் வசூல் செய்யவும் கூடும். இருந்தாலும் அந்த அறிவிப்பைப் பார்த்தபோது எனக்கு வருத்தமே மேலிட்டது. நாம் கண்ணீர் விட்ட ஒரு விடைபெறலின் மேல், அதே முகத்தைக் கொண்டு வேறொன்றை எழுதுகிறார்கள்.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். நடிகர் சாட்விக் போஸ்மன் 2020-இல் மறைந்த பிறகு, பிளாக் பாந்தரான மன்னன் டி'சல்லாவின் வேடத்தில் வேறு நடிகரைப் போடாமல், 2022-இன் 'வகாண்டா ஃபாரெவர்' படத்தை அந்த மன்னனின் மரணத்திலிருந்தே தொடங்கினார் இயக்குநர் ரையன் கூக்ளர். தங்கையும் தாயும் படும் துயரம் நடிப்பா மெய்யா என்று பிரித்தறிய முடியாதபடி அந்தப் படத்தின் முதல் பகுதி இருக்கிறது. பின்பாதியில் வழக்கமான போர்க்காட்சிகளுக்குள் அது தன்னைத் தொலைத்துவிட்டது என்பதையும் மறுக்க மாட்டேன். ஆனால் எல்லாவற்றையும் திருத்திவிடலாம் என்று நம்பும் ஓர் உலகத்துக்குள், திருத்தவே முடியாத ஒன்று புகுந்தபோது அந்தக் கதை எவ்வளவு உயிர் பெற்றது என்பதைப் பார்.

எனவே, நல்ல எதிர்காலம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால், முடிக்கத் தெரிந்த கதைகளிலும், உடையை அடுத்தவருக்குக் கொடுக்கத் தெரிந்த கதைகளிலும் என்பேன். 2011-இல் காமிக்ஸில் பிறந்த புதிய ஸ்பைடர்மேன் மைல்ஸ் மொராலஸ் இதற்குச் சிறந்த சான்று. பீட்டர் இறக்கிறான், அவன் விட்ட இடத்தை, வேறொரு குடும்பத்தில் வேறொரு நிறத்தில் பிறந்த சிறுவன் ஏற்கிறான். அந்தச் சிறுவனை மையமாக்கி 2018-இல் வந்த அனிமேஷன் படம் ஆஸ்கர் வென்றது. புள்ளிகளும் கோடுகளும் நிறைந்த அச்சுக் காமிக்ஸின் தோற்றத்தைத் திரைக்குக் கொண்டுவந்த அதன் கலை, பிற நிறுவனங்களின் அனிமேஷனையே மாற்றிவிட்டது. நடிகரின் வயது என்ற சிக்கல் அனிமேஷனுக்கு இல்லை என்பதும் கவனிக்கத்தக்கது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். 2019-இன் 'ஜோக்கர்' ஏழு கோடி டாலருக்கு மிகாத செலவில் எடுக்கப்பட்டு நூறு கோடியைத் தாண்டியது. பல படங்களை இணைக்கும் எந்தப் பிரபஞ்சத்தோடும் ஒட்டாமல் தன்னளவில் தொடங்கித் தன்னளவில் முடிந்த படம் அது. ஐந்து ஆண்டுகள் கழித்து, சுமார் 20 கோடி செலவழித்து அதற்கு ஒரு தொடர்ச்சி எடுத்தார்கள். வசூலும் ஏறக்குறைய செலவின் அளவிலேயே நின்றது. முடிந்த கதையை மீண்டும் திறந்ததன் விலையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இன்னொரு இணை எனக்குத் தெரியவில்லை. மலிவாக எடுக்க வேண்டும் என்பதற்காகக் கலைஞர்களைப் பிழியவும் கூடாது. கடைசி நேரத் திருத்தங்களுக்காக இரவு பகல் பாராமல் உழைத்த மார்வெலின் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஊழியர்கள், 2023 செப்டம்பரில் ஒருமனதாக வாக்களித்துத் தொழிற்சங்கம் அமைத்தார்கள். படப்பிடிப்புக்கு முன்பே முடிவு தெரிந்த கதைகளை எடுத்தால் அவர்கள் சுமையும் தானாகக் குறையும்.

கௌபாய் படங்கள் சென்ற வழியிலேயே சூப்பர் ஹீரோ படங்களும் ஒருநாள் போகும் என்று ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2015-இலேயே சொன்னதை நீ குறிப்பிட்டிருந்தாய். நான் அதை அச்சத்தோடு பார்க்கவில்லை. கௌபாய் படங்கள் திரையரங்குகளை நிறைத்த காலம் ஓய்ந்த பிறகுதான், கிளின்ட் ஈஸ்ட்வுட் 1992-இல் 'அன்ஃபர்கிவன்' எடுத்துச் சிறந்த படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றார். முதுமையையும் குற்றவுணர்வையும் பற்றிய அப்படியொரு படத்தை அந்த வகையின் உச்சக் காலத்தில் யாரும் அனுமதித்திருக்க மாட்டார்கள். நம் நாயகர்களும் ஏற்கெனவே ஓய்ந்து எழுந்தவர்களே. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அவர்களுடைய இதழ்களில் பெரும்பாலானவை நின்றுபோயின. 1956-இல் ஃபிளாஷ் புது உருவில் வந்தார். 1961 முதல் வந்தவர்கள் வீட்டுச் சண்டையும் பணக்கவலையும் உள்ள மனிதர்களாக வந்தார்கள். திரையிலும் 1997-இன் பேட்மேன் படம் கடுமையாகப் பழிக்கப்பட்டு, எட்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகே கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் பிறந்தார். இடைவெளி இவ்வகைக்குப் பகையாக இருந்ததே இல்லை.

இன்னும் ஒன்று, உனக்கு நேரடியாகப் பயன்படக்கூடியது. சூப்பர்மேனை உருவாக்கிய ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938-இல் அந்தப் பாத்திரத்தின் உரிமையை வெறும் 130 டாலருக்கு விற்றார்கள். அமெரிக்கச் சட்டப்படி அந்த முதல் கதையின் பதிப்புரிமை 95 ஆண்டுகள் நீடித்து, 2034 தொடக்கத்தில் பொதுவுடைமையாகிறது. அதற்கு அடுத்த ஆண்டு பேட்மேனின் முதல் கதையும் அவ்வாறே. வணிகச் சின்ன உரிமைகளும், பின்னாளில் சேர்த்த கூறுகளும் நிறுவனங்களிடமே இருக்கும். ஆயினும், அந்தத் தொடக்ககால சூப்பர்மேனை வைத்து யார் வேண்டுமானாலும் ஒரு கதையைத் தொடங்கி, தாம் விரும்பிய இடத்தில் முடிக்கலாம். அவருக்கு வயதாகலாம், அவர் இறக்கலாம், இறந்தே இருக்கலாம். நிறுவனங்கள் தர மறுத்த முடிவுகளை எழுதத் துடிப்பவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை மோசமாக இருக்கும் என்பதையும் அறிவேன். ஒன்றிரண்டு நன்றாக அமைந்தாலே போதும்.

ஆகையால் உன் வேலையை நிறுத்திவிடாதே. உன் நாயகிக்குக் கதையின் தொடக்கத்தில் ஐம்பது வயது என்று எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. பதிப்பாளர் யாரேனும் அவளை இளமையாக்கச் சொன்னாலும் இரண்டாம் பாகத்துக்கு இடம் விடச் சொன்னாலும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதே. கடைசி அத்தியாயத்தை இப்போதே ஒரு தாளில் குறித்து வைத்துவிட்டாயா? குறித்திருந்தால் அதையும், இதுவரை வரைந்த பக்கங்களையும் அனுப்பிவை. மகளும் படிக்க ஆவலாக இருக்கிறாள். என்னைவிடக் கடுமையான வாசகி அவள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

என்றும் அன்புடன்,
தேவராசன்