சாந்தோரினி போகுமுன் இதைப் படி

அன்புள்ள வசந்தி,

இத்தனை நாள் பதில் எழுதாததற்கு நீ வைத்திருக்கும் வசவுகளை நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் நலம். இவருக்கு மட்டும் இரத்த அழுத்தம் சற்று ஏறியிருக்கிறது. காரணம் கீழே வருகிறது. வரும் மே மாதம் நீயும் அண்ணனும் கிரேக்கத் தீவான சாந்தோரினி போகப்போவதாகவும், அங்கே ஓயா என்ற ஊரில் நல்ல விடுதியாகச் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதே.

ஓயாவில் நாங்கள் தங்கிய விடுதியில் ஓர் இரவுக்கு 540 யூரோ. அதற்குமேல் அரசாங்கத்தின் காலநிலைக் கட்டணம் வேறு. ஐந்து நட்சத்திர விடுதியென்றால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறைக்கு இரவொன்றுக்கு 15 யூரோ. அரசுக்குக் கட்டியதில் எனக்கு வருத்தமில்லை, விடுதிக்குக் கட்டியதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

குகை அறை என்று விளம்பரத்தில் பார்த்து மயங்கினோம். எரிமலைச் சாம்பல் படிந்து இறுகிய செங்குத்துப் பாறையைக் குடைந்து செய்த அறை. முன்புறம் ஒரு கதவும் ஜன்னலும் உண்டு, படுக்கை கிடக்கும் பின்னறையில் காற்றுக்கு வழியே கிடையாது. சுவரில் சாய்ந்தால் சுண்ணாம்பு முதுகில் அப்பிக்கொள்ளும். நம் ஏழாம் எண் அறை ஐப்பசி மாதத்தில் எப்படி நாறும் என்பது உனக்கு நினைவிருக்கும், அதே நாற்றம்தான். வார்டன் அம்மாளாவது அதற்கு யூரோவில் பணம் கேட்கவில்லை. புகார் செய்தபோது, "இது பாரம்பரியக் கட்டடம், மேடம்" என்று மேலாளர் புன்னகை மாறாமல் சொல்லிவிட்டு, ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்றை அனுப்பி வைத்தார். அது இரவெல்லாம் உறுமியது. விடிந்து பார்த்தால் அதன் தொட்டி தளும்பி நின்றது. குடிக்கும் தண்ணீரைப் பாட்டிலில் ஆறு யூரோவுக்கு விற்கும் அந்த விடுதியில் இலவசமாகக் கிடைத்த தண்ணீர் அது ஒன்றுதான் என்றார் இவர்.

எங்களுக்கே எங்களுக்கென்று சொன்ன மொட்டைமாடியின் கதையைக் கேள். அதற்கு நேர் மேலே ஊர்ப் பொதுப்பாதை போகிறது. நாங்கள் முட்டையும் ரொட்டியும் தின்பதை, கப்பலில் வந்து இறங்கிய கூட்டம் கைப்பிடிச் சுவரில் குனிந்து நின்று படம் பிடித்தது. உல்லாசக் கப்பல் பயணிகளுக்கு நாளொன்றுக்கு 8,000 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்பு வைத்தும் நிலைமை இதுதான்.

கழிப்பறையில் காகிதத்தைக் குழாய்க்குள் போடக்கூடாதென்று அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். தீவு முழுவதும் அப்படித்தானாம், சரி. ஆனால் மறுநாள் அக்ரோத்திரி அகழாய்வைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன் எரிமலை வெடித்துச் சாம்பலுக்குள் புதைந்துபோன நகரம் அது. 1967இல் மரினாத்தோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் முறையாகத் தோண்டத் தொடங்கினார். தெருவுக்கு அடியில் கல் பாவிய சாக்கடை ஓடுகிறது, ஒரு வீட்டின் மாடியிலேயே கழிப்பறை இருந்து அதில் இணைந்திருக்கிறது. வசந்தி, அந்த இடத்தை மட்டும் நீ தவறவிடக் கூடாது. அன்று பகல் முழுவதும் நான் விடுதியை மறந்திருந்தேன்.

வேறொன்றும் மனத்தை உறுத்துகிறது. அந்தக் குகைகள் ஒரு காலத்தில் ஏழை மாலுமிகளின் வீடுகள். கப்பல் தலைவர்களின் மாளிகைகள் மேலே மேட்டில் இருந்தன. 1956 ஜூலை 9ஆம் தேதி நிலநடுக்கத்தில் ஊர் சிதைந்தபின் பலர் தீவை விட்டே போய்விட்டார்கள். 1970களில் கிரேக்கச் சுற்றுலா அமைப்பு இடிந்து கிடந்தவற்றில் சிலவற்றைப் புதுப்பித்து விருந்தினர் இல்லங்களாக்கியது. இப்போது அதே பொந்துகளுக்கு இந்த விலை. எங்கள் அறையைத் துப்புரவு செய்ய வந்த பெண், 2025 பிப்ரவரியில் தரை ஓயாமல் ஆடியபோது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏதென்ஸ் அருகே உள்ள பிரேயஸ் துறைமுகத்துக்குக் கப்பலேறியதைக் கைச்சாடையும் அரைகுறை ஆங்கிலமுமாகச் சொன்னாள். அப்போது 11,000 பேருக்கு மேல் வெளியேறினார்கள். ஓயாவில் அவள் சம்பளத்துக்கு வாடகைக்கு வீடு கிடைக்காதாம். தீவின் உட்பகுதியில் உள்ள ஊரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறாள். சுவர் ஈரத்தைப் பற்றி அவளிடம் பேச எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே போ, ஆனால் ஓயாவில் தங்காதே. பிர்கோஸ் அல்லது கார்த்தெராதோஸ் கிராமத்தில் ஜன்னல் உள்ள அறையாகப் பார். தீவின் தலைநகரான ஃபிராவிலிருந்து எல்லாப் பக்கமும் பேருந்து உண்டு. அந்திச் சூரியனை ஓயா கோட்டை இடிபாட்டில் நின்று காசில்லாமல் பார்க்கலாம். கூட்டம் மிதிக்கும், அதனால் முன்னதாகவே போய்விடு. மருமகள் ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், எந்தத் தேதிவரை ரத்து செய்தால் பணம் திரும்பும் என்று இன்றைக்கே பார்க்கச் சொல்.

கமலி விவகாரம் என்ன ஆயிற்று? அதை மட்டும் விடாமல் எழுது.

அன்புடன்,
மீனாட்சி