அடுப்பு இரண்டு, குடும்பம் ஒன்று: பாடநூல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடசாலைப் பாடநூல்களில் குடும்பம் பற்றிய அலகை எழுதுகிற ஐயா, அம்மா அனைவருக்கும்,

வணக்கம். இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். என் பாடம் மனைப்பொருளியல். ஆள் இல்லாத நேரத்தில் குடியியலும் என் தலையில்தான். குடும்ப வகைகள் எவை என்று கேட்டால் எங்கள் பிள்ளைகள் மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். அப்பா, அம்மா, மணமாகாத பிள்ளைகள் என்றால் கருக்குடும்பம். தாத்தா, பாட்டி, சித்தப்பா சேர்ந்தால் விரிந்த குடும்பம். சரி, உன் குடும்பம் எது என்று கேட்டால்தான் சிக்கல். "அம்மா குவைத்துல, அப்பா கொழும்புல கடையில நிக்கிறாரு, நான் அம்மாயி கூட, தம்பி அத்தை வீட்டுல. இது எதுல சேரும் டீச்சர்?"

எதிலும் சேராது. அதனால்தான் இந்த மடல். குடும்பத்தை வகையிலிருந்து சொல்லித்தர வேண்டாம். அது செய்கிற வேலைகளிலிருந்து சொல்லித்தாருங்கள். யார் உழைக்கிறார், யார் சமைக்கிறார், யார் பிள்ளையை வளர்க்கிறார், நோய் வந்தால் யார் கூட நிற்கிறார் என்று பார்த்துவிட்டு, அந்த ஆட்கள் எத்தனை கூரையின் கீழ் இருக்கிறார்கள் என்று பிறகு எண்ணலாம்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. சமூகவியலில் இந்தச் சண்டை எழுபது வருடத்துக்கு மேலாக நடக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் ஜோர்ஜ் மர்டொக் 1949இல் 250 சமூகங்களின் தரவுகளை வைத்துக்கொண்டு, கருக்குடும்பம் இல்லாத சமூகமே இல்லை என்றார். பாலுறவு, இனப்பெருக்கம், பொருளாதாரம், கல்வி என்று நான்கு பணிகளை அதன் மேல் ஏற்றினார். அமெரிக்கச் சமூகவியலாளர் டல்கொட் பார்சன்ஸ் 1950களில் அதைச் சுருக்கினார். உற்பத்தி தொழிற்சாலைக்கும் கல்வி பாடசாலைக்கும் போய்விட்டதால், குழந்தையைச் சமூகத்துக்கு ஏற்றபடி ஆளாக்குவதும் வளர்ந்தவர்களின் மனதை நிலையாக வைத்திருப்பதும்தான் குடும்பத்துக்கு மிஞ்சிய வேலைகள் என்றார். நம் பாடங்களில் 'குடும்பத்தின் தொழிற்பாடுகள்' என்று வருவதன் வேர் இங்கேதான். படிப்பிக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் கேள்வி கேட்டவர்களை விட்டுவிட்டு இவர்களை மட்டும் படிப்பித்தால், அது பிள்ளைகளுக்கு மாற்ற முடியாத விதி மாதிரி ஆகிவிடுகிறது.

மர்டொக்குக்கு எதிராக எல்லாரும் சொல்கிற உதாரணம் கேரளத்து நாயர் தறவாடு, அதாவது தாய்வழிக் கூட்டுவீடு. கணவன் இரவில் வந்து போவான். பிள்ளையை வளர்ப்பது தாயும் தாய்மாமனும். மானிடவியலாளர் கத்லீன் கஃப் அதை ஆராய்ந்து எழுதினார். நமக்குக் கேரளம் வரை போகவே தேவையில்லை. இதே மலையில், கண்டிச் சிங்களக் கிராமங்களில் அண்ணன் தம்பிகள் ஒரே பெண்ணை மணந்து ஒரே வீட்டில் உண்டு வாழ்ந்த வழக்கம் இருந்தது. ஆங்கிலேயர் 1859இல் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருக்கும் பின்ன முறையும், பெண் மாப்பிள்ளை வீட்டுக்கு வரும் தீக முறையும் 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாகச் சட்டத்தில்கூட இடம்பெற்றிருக்கின்றன. மேலே தேயிலைத் தோட்டம், கீழே கண்டியக் கிராமம், நடுவில் ஒரு ஓடை. அக்கம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒருவர் குடும்பத்தைப் பற்றி மற்றவருக்கு ஒன்றும் தெரியாமல், இருவரும் ஒரே கருக்குடும்பப் படத்துக்கு வர்ணம் தீட்டுகிறார்கள்.

இப்போது லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீட்டுக்கு, வருகிறேன். கூட்டுக்குடும்பம் என்றால் என்ன என்பதற்கு இந்திய மானிடவியலாளர் இராவதி கார்வே 1953இல் தந்த வரையறை இந்தியப் பல்கலைக்கழகங்களில் இன்றும் ஓடுகிறது. ஒரே கூரையின் கீழ் வாழ்வது, ஒரே அடுப்பில் சமைத்ததை உண்பது, சொத்தைப் பொதுவில் வைத்திருப்பது, ஒன்றாக வழிபடுவது. நல்ல வரையறை. அதை எடுத்துக்கொண்டு ஒரு லயத்துக்குள் போய்ப் பாருங்கள். கூரை ஒன்றுதான், ஆனால் அந்த ஒரே தகரத்தின் கீழ் பத்துப் பன்னிரண்டு காம்பரா, அதாவது ஒற்றை அறை வீடுகள். சொந்தமும் உண்டு, சண்டைக்காரரும் உண்டு. அடுப்போ ஒரே காம்பராவில் இரண்டு. மூத்தவனுக்குக் கல்யாணம் ஆனதும் இஸ்தோப்பை, அதாவது முன் திண்ணையை, பலகை வைத்து அடைத்து, நடுவில் அலுமாரியை நிறுத்தி, ஒரு மூலையில் புது அடுப்பு போட்டுவிடுவார்கள். பொதுச் சொத்து என்று எதைக் காட்டுவது? நிலமும் தோட்டத்துடையது, கூரையும் தோட்டத்துடையது. கும்பிடுகிற மாரியம்மன் ஊர் முழுவதுக்கும் பொது. ஆக கார்வேயின் நான்கு சோதனையிலும் நாங்கள் தேறுவதுமில்லை, தோற்பதுமில்லை. கல்யாணம், கருமாதி என்றால் ஒரு குடும்பம். நிவாரணப் படிவம் வந்தால் இரண்டு குடும்பம். இதில் பொய் ஒன்றும் இல்லை, இரண்டுமே உண்மை. இந்தியச் சமூகவியலாளர் ஏ. எம். ஷா வீட்டையும் குடும்பத்தையும் போட்டுக் குழப்பாதீர்கள் என்று சொன்னது இப்படிப்பட்ட இடங்களுக்காகத்தான்.

சொத்து என்றதும் இன்னொன்று. தனிச்சொத்தை வாரிசுக்குக் கைமாற்றத்தான் ஒருதார மணக் குடும்பம் வலுப்பெற்றது என்று மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் 1884இல் எழுதினார். கைமாற்ற ஒரு பேர்ச்சஸ் நிலம்கூட இல்லாத எங்கள் ஆட்களிடம் குடும்பம் ஏன் இவ்வளவு இறுக்கமாக இருந்தது? பல தோட்டங்களில் அப்பா ஓய்வுக்குப் போனால் மகனோ மருமகளோ செக்ரோலில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் பதிவேட்டில், பேர் பதிந்தால்தான் காம்பரா கையில் நிற்கும். பேர் பதிவும் இருக்கிற இடமும்தான் எங்கள் பரம்பரைச் சொத்து. தாத்தாவும் பேரனும் பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் சேர்ந்து கிடந்ததற்குப் பாசமும் காரணம், போக இடமில்லாததும் காரணம். கூட்டுக்குடும்பம் எங்கள் பண்பாடு என்று மேடையில் பேசுகிறவர்கள் இரண்டாவது காரணத்தைச் சொல்வதே இல்லை.

பார்சன்ஸ் இன்னொன்றும் சொன்னார்: ஆண் வெளியில் போய்ச் சம்பாதிப்பான், பெண் வீட்டில் அன்பு காட்டுவாள். அது அவர் கண்ட அமெரிக்க நடுத்தர வர்க்கம். தோட்டத்துப் பெண் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கூலிக்காரி. தேயிலைக்கு ஆள் திரட்டும் கங்காணி, ஆள் பிடித்தபோது தனி ஆண்களை மட்டும் கொண்டுவரவில்லை. கொழுந்து பறிக்கப் பெண்களும் வேண்டும் என்று குடும்பத்தோடும் சாதிசனத்தோடும் கொண்டுவந்தான். பெண்ணுக்கும் ஆணுக்கும் ஒரே நாட்கூலி என்றானது 1984இல்தான். அதற்குப் பிறகும் மனைவியின் சம்பளத்தைப் புருஷன் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போன தோட்டங்கள் ஏராளம். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில்) விட்டு, பெரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, ஓடி, கொழுந்து நிறுத்துவிட்டு, வருகிற வழியில் விறகும் பொறுக்கிக்கொண்டு வருகிறவளின் வேலை எந்த இடத்தில் முடிந்து எந்த இடத்தில் தொடங்குகிறது? வீட்டுவேலையும் வேலைதான் என்று பிரித்தானியச் சமூகவியலாளர் ஆன் ஓக்லி லண்டன் இல்லத்தரசிகளைப் பேட்டி கண்டு 1974இல் எழுதினார். நாளைய தொழிலாளியை வளர்த்துத் தருவது குடும்பம், அதற்கு முதலாளி காசு கொடுப்பதில்லை என்பது மார்க்சியர் வாதம். பிள்ளை மடுவத்தைப் பார்த்த பிள்ளைக்கு இந்த வாதத்தை விளக்க ஐந்து நிமிடம் போதும். உங்கள் புத்தகம் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கினால் போதும்.

வெளிநாடு போன தாய்மார் விஷயத்தில் எனக்குக் கோபம் வருகிறது. அம்மா வெளிநாட்டில் இருந்தால் அது 'சிதைந்த குடும்பம்' என்று வகுப்பில் யாராவது வாய்தவறிச் சொல்லிவிட்டால், பின்வரிசையில் ஒன்றிரண்டு பிள்ளைகள் குனிந்துகொள்ளும். 2013இல் அரசாங்கம் வீட்டுவேலைக்கு வெளிநாடு போகும் பெண்களிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்கத் தொடங்கியது. அப்பாக்கள் கட்டாருக்கும் துபாய்க்கும் போனபோது அப்படி ஒன்றும் கேட்கவில்லை. குவைத்திலிருந்து காசு வருகிறது, அம்மாயி சோறு போடுகிறார், அத்தை மாணவர் அறிக்கையில் கையொப்பம் வைக்கிறார், அம்மா இரவில் வாட்ஸ்அப்பில் வந்து சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்கிறார். மர்டொக்கின் பணிகளில் பெரும்பாலானவை நடந்துகொண்டுதான் இருக்கின்றன, ஆட்கள்தான் வேறு. இதை வைத்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. தம்பி தங்கையைப் பார்க்க மூத்த பெண்பிள்ளை பள்ளிக்கூடத்தை விடுவதைப் பார்க்கிறோம். அம்மா அனுப்பும் காசு கசிப்பில், கள்ளச் சாராயத்தில், கரைவதையும் பார்க்கிறோம். குடும்பத்துக்குள் நடக்கிற அடி உதை லயத்தின் ஒற்றைச் சுவருக்கு அப்பால் எல்லாருக்கும் கேட்கும், யாரும் வாய் திறப்பதில்லை. பணிகளை மட்டும் எண்ணுகிற பார்வைக்கு அது தெரியாது. பெண்ணியர் அந்தப் பார்வையை விமர்சித்தது அதனால்தான். அம்மா இல்லாததைக் குறையாக எழுதுவதற்குப் பதில், அம்மா செய்த வேலை இப்போது யார் தோளில் விழுந்திருக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கு உதவி தேவையா இல்லையா என்பதும் அங்கேதான் தெரியும்.

தூரத்தில் இருந்தாலும் குடும்பம் குடும்பம்தான் என்பதை மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1964 சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றவர்களாக இருந்த எங்கள் ஆட்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. மீதி 1,50,000 பேரை 1974இல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை என்று ஒரே வயிற்றுப் பிள்ளைகள் இரண்டு நாட்டுக்காரர் ஆனார்கள். அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு எங்கள் ஆட்கள் வைத்த பேர் ஒப்பாரிக் கோச்சி. நீலகிரியில் கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருக்கிற பெரியப்பா மக்களுக்கு இன்றும் இங்கிருந்து கல்யாணப் பத்திரிகை போகிறது. சேர்ந்து வாழாமலே ஒருவரையொருவர் தாங்குகிற இப்படிப்பட்ட சொந்தக்கட்டைப் பற்றி சமூகவியலாளர் யூஜின் லிட்வாக் 1960இல் எழுதியிருக்கிறார். அவர் சொன்னது அமெரிக்க நகரங்களைப் பற்றி. எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது.

இதெல்லாம் வகுப்பறையோடு போகிற விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். இந்திய உதவியில் தோட்டங்களுக்கு முதலில் 4,000 வீடு, பிறகு 2017இல் நோர்வூட்டில் வைத்து மேலும் 10,000 என்று அறிவித்தார்கள். ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் தனி வீடு. லயத்திலிருந்து வெளியேறுகிற ஆசை எங்கள் எல்லாருக்கும் உண்டு, வேண்டாம் என்று யார் சொன்னார்? ஆனால் ஒரு காம்பராவில் இரண்டு அடுப்பு எரிகிற இடத்தில் வீடு யாருக்கு, பழைய காம்பராவில் தங்குவது யார், வயதானவர்கள் எந்தப் பக்கம் என்று பட்டியல் எழுதும்போது சண்டை வருகிறது. பட்டியல் எழுதுகிற கையும் ஒரு காலத்தில் உங்கள் புத்தகத்தில் கருக்குடும்பப் படத்துக்கு வர்ணம் தீட்டிய கைதான்.

நான் கேட்பது பெரிய திருத்தம் இல்லை. 'உன் குடும்பத்தை வரைக' என்ற பயிற்சியை மாற்றுங்கள். காலையில் எழுப்புகிறவர் யார், சோறு போடுகிறவர், காசு தருகிறவர், காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறவர், பயந்தால் ஓடிப்போய் ஒளிகிற இடம் என்று பிள்ளை ஒரு அட்டவணை போடட்டும். அதை வகுப்பில் சத்தமாக வாசிக்கவைக்க வேண்டாம் என்று ஆசிரியர் வழிகாட்டியில் ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும்; சில பதில்கள் ஆசிரியருக்கு மட்டும் தெரிய வேண்டியவை. மர்டொக், பார்சன்ஸ் பக்கத்திலேயே அவர்களை மறுத்தவர்களுக்கும் இடம் கொடுங்கள். உதாரணங்களில் ஒரு லயமும், ஒரு கண்டியக் கிராமமும், யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீடும் வரட்டும்.

அடுத்த திருத்தத்துக்குக் குழு கூடும்போது தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் இரண்டு மூன்று பேரையாவது கூப்பிடுங்கள். எங்கள் பிள்ளைகளிடம் செய்து பார்த்த அட்டவணை மாதிரிகள் என்னிடம் இருக்கின்றன. பெயர்களை எடுத்துவிட்டுக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஆசிரியை ஒருத்தி